பதினோரு பதில்கள்

புரட்டாசி முதல் செவ்வாய், காலை ஒன்பதே காலுக்குக் கூடூர் பாசஞ்சர் திருவொற்றியூரில் நின்றது.

பூமாரி இறங்கினாள். தோளில் துணிப்பை. பையில் வினாவிடைப் புத்தகமும் ஒரு குப்பித் தண்ணீரும். ஸ்டேஷனிலிருந்து குப்பத்துக்கு அரை மைல் மணல். அந்த மணலில் அவள் கால் பட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பூமாரி பைபிளம்மா. ராயபுரம் மிஷன் கோயிலில் உத்தியோகம். புதிதாக விசுவாசத்துக்கு வருகிற பெண்களை வீடு தேடிப் போய் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். எட்டு வருஷத்தில் நாற்பத்தொரு பேரை ஆயத்தப்படுத்தியிருக்கிறாள். ஒருத்திகூடப் பரீட்சையில் தவறியதில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஜேக்கப் ஐயர் அவளைக் கூப்பிட்டார்.

"திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்து போனாங்க. ஞானஸ்நானம் வேணுமாம். நீதான் போகணும்."

"பேர் என்ன ஐயரே?"

"கெங்கம்மா. மருத்துவச்சியாம், விதவை."

பூமாரி பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அவங்களை இங்கே வரச் சொல்லலாமே."

"விதி தெரியாதா உனக்கு? கற்றுக்கொடுக்கிறவங்கதான் நடக்கணும். அவங்க வீட்டுத் தரையில உட்காரணும். நாம நாற்காலி போட்டுக் கூப்பிட்டா, வர்றவங்க நம்மைக் கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. நமக்கு அதுவும் பிடிச்சுப் போயிடும்."

வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டால் அதையும் சொல்லியிருக்கலாம். ஐயர் கேட்கக்கூடிய மனிதர். பூமாரி, "சரி ஐயரே" என்றாள். சொன்னபோது வாய் இனித்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அந்தக் குப்பத்து மருமகள். புருஷன் வேம்பு கட்டுமரக்காரன். திருக்கை முள் ஏறி அழுகிய அவன் காலை மிஷன் ஆஸ்பத்திரியில் வெட்டாமல் காப்பாற்றினார்கள். திரும்பி நடந்து வந்தவன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். நாட்டார் தலைமையில் பஞ்சாயத்து கூடிக் கட்டு போட்டது. யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, பேசக் கூடாது. பூமாரிக்கு அது ஒன்பதாம் மாதம்.

வலி கண்டது ஒரு மத்தியானம். வேம்பு கெங்கம்மாவிடம் ஓடினான். குப்பத்தில் அவள் கைபடாமல் பிறந்த பிள்ளை கிடையாது. கெங்கம்மா வந்தாள். வாசல் வரை வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உன் புது சாமி கீறாரே, அவரை வந்து ஏந்திக்கச் சொல்லு" என்றாள். திரும்பிப் போனாள்.

பிள்ளை கால் முன்னால் வந்தது. வேம்புக்குத் துடுப்புப் பிடிக்க மட்டும்தான் தெரியும். பிள்ளை நீலமாக இருந்தது. ஆண் பிள்ளை. அவனே மணலைத் தோண்டினான். அந்த வாரமே இருவரும் குப்பத்தை விட்டு ராயபுரம் போனார்கள். மூன்று வருஷம் கழித்துப் பம்பாய்க் காய்ச்சலில் அவனும் போனான். அதைப் பூமாரி கடவுளிடம் விட்டுவிட்டாள். முன்னதை விடவில்லை.

குப்பத்து முனையில் வரலட்சுமி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அடுத்த குடிசைக்காரி.

"இன்னாடி இது, பூமாரியா? செத்துப்பூட்டேன்னு நெனச்சேன். வெள்ளைப் பொடவையில ஆவி மாரி வர்றியே."

"கெங்கம்மா இருக்காங்களா?"

"கீறா கீறா. உனுக்கோசரம்தான் காலையிலேந்து வூட்டைப் பெருக்கிகினு கீறா." வரலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நீ அந்த வாசப்படியைத் தாண்டி உள்ள கால் வெச்சேன்னா அவளுக்கும் கட்டுதான். நாட்டார் சொல்லிட்டாரு. வெளியவே நின்னு பேசிட்டுப் பூடு. கெயவி பாவம்."

பூமாரி தலையாட்டினாள். நேராக நடந்தாள். கெங்கம்மாவின் வாசலில் செருப்பைக் கழற்றினாள். தெருவில் இருந்த ஆண்கள் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்தார்கள். உள்ளே போனாள்.

கெங்கம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. கை மட்டும் அதே கை. அகலமானது, நகம் ஒட்ட வெட்டியது.

"வந்துட்டியா" என்றாள். "வேம்பு பொண்டாட்டி."

"இப்போ பைபிளம்மா."

"இருக்கட்டும். உக்காரு."

பூமாரி தரையில் உட்கார்ந்தாள். கெங்கம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள். பூமாரி பையிலிருந்து குப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"எங்க தண்ணி ஆவாதா?"

"தாகமில்லை."

"தாகமில்லாமத்தான் குப்பியில ரொப்பிகினு வந்தியா?" கெங்கம்மா சிரித்தாள். "நல்லா கீது."

பூமாரி புத்தகத்தைத் திறந்தாள். பங்குனி கடைசி ஞாயிறு பரீட்சை. ஐயர் சபை முன்னால் நிறுத்திப் பன்னிரண்டு கேள்வி கேட்பார். வரிசை மாறாது. பன்னிரண்டுக்கும் பதில் வந்தால் ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம். ஞானஸ்நானம் ஆன விதவைகளுக்குக் கோயில் வளாகத்தில் அறை உண்டு. தவறினால் இன்னும் ஆறு மாதம்.

"எனக்கு எழுத்து வராதே" என்றாள் கெங்கம்மா.

"நான் சொல்றேன். நீங்க திருப்பிச் சொன்னாப் போதும்."

"கேள்வியையும் சொல்லு. இன்னாத்துக்கு இன்னா பதில்னு தெரிய வேணாமா?"

"கேள்வி ஐயருடையது. பதில்தான் உங்களுது."

அந்த வார்த்தை தானாக வந்தது. அதுவரை அவளிடம் ஒரு யோசனையும் இல்லை. விரல் முதல் வரியில் இருந்தது. *உன்னை உண்டாக்கினவர் யார்? சர்வ வல்லமையுள்ள பிதாவாகிய தேவன்.* விரல் ஒரு வரி கீழே இறங்கியது. *உன்னைப் பாவத்தில் தள்ளினவன் யார்?*

"பிசாசாகிய சாத்தான்" என்று பூமாரி வாசித்தாள்.

"எடுத்த எடுப்புலயே பிசாசா?"

"அப்படித்தான்."

"எங்க பூசாரிகூட தேங்கா ஒடைச்சுட்டுத்தான் அது பேரை எடுப்பான்." கெங்கம்மா கூரையில் செருகியிருந்த வலை நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். "இது பிசாசு. அடுத்தது?"

"தேவகுமாரனாகிய இயேசு கிறிஸ்து."

"இது சாமி." இரண்டாவது முடிச்சு.

முதல் பதிலை விட்டதால் இப்படிப் பதினொன்றுதான் இருந்தது. கடைசிப் பதில் நீளம். அதை இரண்டாக வெட்டினாள் பூமாரி. கணக்கு சரியாகிவிட்டது. கண்டுபிடித்தாலும் ஒன்றும் ஆகாது. கிழவி வரிசையை மறந்துவிட்டாள் என்றால் யார் இல்லை என்பார்கள்?

அன்று சாயங்காலமே கெங்கம்மா மேல் கட்டு விழுந்தது.

செவ்வாயும் வெள்ளியும் பூமாரி வந்தாள். ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஏதாவது ஒன்று குறைந்திருந்தது. முதலில் மகன் திருமலை பெண்டாட்டியோடு அடுத்த வரிசைக்குக் குடி போனான். பிறகு அடுப்பு அணைந்தது. குப்பத்துக் கடையில் அவளுக்குத் தீப்பெட்டி விற்கவில்லை. கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்பதால் மணலில் ஊற்றுத் தோண்டிக் கலங்கல் தண்ணீர் மொண்டு வந்தாள். ஊறவைத்த அரிசியைத் தின்றாள். முகம் சுருங்கியது. பூமாரி எல்லாவற்றையும் பார்த்தாள். வீடு திரும்பும் ரயிலில் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். இது தண்ணீர். இது நெருப்பு. இன்னும் ஒன்று பாக்கி.

அதுவும் வந்தது. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு வலி. கத்தல் இங்கே கேட்டது. கெங்கம்மா ஆறாவது முடிச்சில் இருந்தாள். விரல் நின்றது.

"யார் பார்க்கிறாங்க?" என்று கேட்டாள் பூமாரி. பதில் தெரிந்தே கேட்டாள்.

"காசிமேட்டுலேந்து எவளையோ கூட்டியாந்துகீறானுங்க."

மறுபடி கத்தல். கெங்கம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். மடியில் இருந்த இரண்டு கையும் அசைய ஆரம்பித்தன. இல்லாத வயிற்றை இப்படியும் அப்படியும் தள்ளின.

"புள்ளை குறுக்கால கீது" என்றாள். "அவ தெரியாம அயுத்தறா. அயுத்தக் கூடாது."

எழுந்து வாசலுக்குப் போனாள். எதிரே இரண்டு ஆண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தன் திருமலை.

"உள்ள போம்மா."

"நைனா, ஒரு நிமிசம். கையை மட்டும் வெச்சுட்டு வந்துடறேன். ஒருத்தர்கூடவும் பேச மாட்டேன்."

"உள்ள போன்றேன் இல்ல? என்னை பேஜார் பண்ணாதே."

கெங்கம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பூமாரி அவளையே பார்த்தாள். அந்த நீலப் பிள்ளையைப் பற்றி இப்போது சொல்வாள் என்று நினைத்தாள். இதைவிடப் பொருத்தமான நேரம் வராது. சொல்லட்டும். ஒரு வார்த்தை.

அரை மணி நேரம் போனது. பிள்ளை அழும் சத்தம் வந்தது.

"திரும்பிடிச்சு போல" என்றாள் கெங்கம்மா. முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். "ஆறாவதுல நின்னோம்."

அன்று கிளம்பும்போது பூமாரியால் பொறுக்க முடியவில்லை.

"எதுக்காக இந்த வழிக்கு வந்தீங்க?"

"ஐயர் பொறுப்பாக் கேட்டாரு. நீ இப்பத்தான் கேக்கறே." கெங்கம்மா நூலைச் சுருட்டினாள். "போன வருசம் உங்காளுங்க பொம்மை வெச்சுப் பாடிகினு கடலோரமா வந்தாங்க. உங்க சாமி மாட்டுக் கொட்டாயில பொறந்தாராமே. நான் ஒருத்தனைப் புடிச்சுக் கேட்டேன், மருத்துவச்சி யாருன்னு. யாரும் வரலைன்னான்."

"யாரும் வரலை."

"அதான். அதைக் கேட்டதுலேந்து ஒரே ரோதனை. சோறு எறங்கலை."

பூமாரி காத்திருந்தாள். கெங்கம்மா நூலைக் கூரையில் செருகினாள். வெளியே மணல் சுட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே பாதி தூரம் நடந்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

பரீட்சைக்கு முந்தின செவ்வாய் அறிக்கை நாள். ஞானஸ்நானத்துக்கு வருகிறவர் தன் பாவங்களைக் கற்றுக்கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். கேட்டவர், "நானும் மன்னிக்கிறேன், கர்த்தரும் மன்னிப்பாராக" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க விதியில் இடமில்லை. ஐயர் கொண்டுவந்த வழக்கம் இது. கேட்கிறவருக்கும் முழங்கால் வலிக்கட்டும் என்பதற்காக இருவரும் முழங்காலில் நிற்பார்கள்.

பூமாரி ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். இன்றைக்குக் கெங்கம்மா அந்த ஒன்றைச் சொன்னால் முதல் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுவது. ஐந்து நாள் போதும். நூலின் தலைப்பில் ஒரு முடிச்சு போட்டுக் கடைசியில் ஒன்றை அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இருவரும் முழங்காலில் நின்றார்கள்.

"சொல்லுங்க."

"நாறின மீனை ஐஸ் மீனுன்னு வித்துகீறேன்."

"அப்புறம்?"

"மாமியாரு சாவறப்போ மனசுக்குள்ள சிரிச்சேன். வரலட்சுமி வூட்டு எறா கூடையில கை வெச்சேன், ரெண்டு தபா. இல்லை, மூணு. புருசனைத் தொடப்பத்தால அடிச்சேன். அவன் நல்லா வாங்கிகினான்."

"அப்புறம்?"

"வாய். கலீஜான வாய். அது உனக்கே தெரியும்."

"அப்புறம்?"

கெங்கம்மா வாசல் வழியாகக் கடலைப் பார்த்தாள். ஒரு கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குக் காத்திருந்தது.

"அவ்ளோதான்" என்றாள்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டேன். எழுந்துக்கலாமா? முட்டி போச்சு."

"நானும் மன்னிக்கிறேன்" என்றாள் பூமாரி. "கர்த்தரும் மன்னிப்பாராக." மீனுக்கும் இறாலுக்கும் சொன்னாள். பிறகு நூலை வாங்கிப் பதிலை ஒருமுறை ஒப்பிக்கச் சொன்னாள். கிழவி ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். பிசாசிலிருந்து ஆரம்பித்தாள்.

பங்குனி கடைசி ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. பரீட்சைக்கு இருவர். முதலில் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் மண்ணாங்கட்டி. கப்பல் தளத்திலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரலில் பன்னிரண்டு பதிலையும் கத்தினான். பின்வரிசையில் ஒரு குழந்தை பயந்து அழுதது. சபை சிரித்தது. ஐயரும் சிரித்தார். அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

கெங்கம்மா முன்னால் வந்தாள். கஞ்சி போடாத வெளுத்த புடவை. ஆறு மாதத்தில் பாதியாகியிருந்தாள். கையில் நூல். பூமாரி பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் ஐயர். "உன்னை உண்டாக்கினவர் யார்?"

கெங்கம்மாவின் விரல் முதல் முடிச்சைப் பிடித்தது.

"பிசாசாகிய சாத்தான்" என்றாள் தெளிவாக.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரிப்பு எழுந்தது. மண்ணாங்கட்டி வாயைப் பொத்திக்கொண்டான். யாரோ ஒருத்தி, "அது மெய்தான் போலிருக்கு" என்றாள். இன்னும் சிரித்தார்கள். கெங்கம்மா சபையைச் சுற்றிப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு உதடு அசைந்தது. கேள்வியைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறாள் என்று பூமாரிக்குத் தெரிந்தது.

பூமாரி பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். நன்றாக இருந்தது. அவள் எதிர்பார்த்த அளவுக்கே நன்றாக இருந்தது.

ஐயர் கையை உயர்த்திச் சபையை அடக்கினார். "பதட்டம். பரவாயில்லை. அடுத்ததைக் கேட்கிறேன். உன்னைப் பாவத்தில் தள்ளினவன் யார்?"

விரல் இரண்டாவது முடிச்சுக்குப் போனது. வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

கெங்கம்மா திரும்பிப் பூமாரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. வலிக்காரியின் வயிற்றில் கை வைத்து, பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று கண்டுகொண்ட பார்வை. பிறகு நூலைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

"தெரியாது சாமி."

"உன்னை மீட்டுக்கொண்டவர் யார்?"

"தெரியாது."

"அம்மா, இது தெரியுமே உங்களுக்கு. யாரைத் தேடி வந்தீங்க?"

"மறந்து பூட்டேன் சாமி."

பன்னிரண்டாவது வரை ஐயர் கேட்டார். விதி அது. பன்னிரண்டாவது வரை அவள் தெரியாது என்றாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஐயர் மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"பூமாரி, எல்லாப் பதிலையும் சொல்லிக்கொடுத்தாயா?"

பூமாரி எழுந்தாள். சொல்ல வேண்டிய பொய் ஆறு மாதமாகத் தயாராக இருந்தது.

"குடுத்துச்சு சாமி" என்றாள் கெங்கம்மா. "மயைன்னும் வெயில்னும் பாக்காம நடந்து வந்துச்சு. சரியாத்தான் குடுத்துச்சு. என் மண்டையில ஏறலை."

பொய்யைச் சொல்லப் பூமாரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. உட்கார்ந்தாள்.

ஆராதனைக்குப் பிறகு ஐயர் இருவரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். ஆறு மாதம் தள்ளிப் போட வேண்டும் என்றார். அதுவரை வளாகத்தில் அறை கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்றார். குப்பத்தில் கட்டு இருப்பது தனக்குத் தெரியும், வருத்தமாக இருக்கிறது என்றார். பூமாரியிடம் தனியாக, "நாற்பத்தொரு பேருக்குப் பிறகு முதல் தவறு. மனசு உடைஞ்சு போகாதே. நம்ம பெருமை கொஞ்சம் குறையறது நமக்கே நல்லது" என்றார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

"அடுத்த ஆறு மாசத்துக்கு வேற ஒரு அம்மாவை அனுப்பட்டுமா?" என்று கெங்கம்மாவைக் கேட்டார்.

"வேணாம் சாமி. மொத நாளே சொன்னேனே, இந்தப் பொண்ணுதான் வேணும்னு. இவ இல்லாட்டி எனக்கு வேணாம்."

ஐயர் பூமாரியைப் பார்த்து, "ஆமாம், உன் பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க" என்றார். போய்விட்டார்.

இருவரும் சாலைக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துறைமுகப் பக்கமிருந்து கரித்தூள் காற்றில் வந்தது. கெங்கம்மா திருவொற்றியூர் வரை நடந்தே போவாள். பூமாரியின் வீடு எதிர்த்திசையில். ஆனாலும் அவள் கூட நடந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார்கள்.

"எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டாள் பூமாரி.

"ரெண்டாவது கேள்வியில. நீ மொதலாவதை முயுங்கிட்டே. கெட்டிக்காரிதான்."

"ஐயர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உன் சோறு போவும்."

"எனக்கு உன் தயவு வேணாம்." பூமாரியின் வாயிலிருந்து மிஷன் தமிழ் போய்விட்டது. "நீ எனக்குப் பிச்சை போடறியா? நீயா?"

"கத்தாதே. கேட்காரன் பாக்கறான்."

"பாக்கட்டும். அன்னிக்கு என் வூட்டு வாசல்ல நின்னியே. நாட்டாருக்குப் பயந்துகினுதானே திரும்பிப் போனே? அதையாச்சும் சொல்லு."

கெங்கம்மா தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"பயம் இல்லே" என்றாள். "நாட்டார் பொண்டாட்டிக்கே நான்தான் பார்த்தேன். என்னை எவனும் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டான். திமிரு. நான் கை வெக்காம இந்தக் குப்பத்துல ஒண்ணு பொறந்துடுமான்னு திமிரு. நீ வந்து கால்ல வியணும்னு வூட்டுல குந்திகினு இருந்தேன். பொயுது சாயற வரைக்கும் குந்திகினு இருந்தேன். அப்பாலதான் உன் புருசன் மம்முட்டி தூக்கிகினு போறதைப் பார்த்தேன்."

பயம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பூமாரிக்குத் தோன்றியது.

"அறிக்கை அன்னிக்கு இதை ஏன் சொல்லலை? எத்தினி தபா கேட்டேன்?"

"சொன்னா நீ மன்னிச்சாவணும். உங்க விதி அது. மனசு வர்தோ இல்லியோ வாய் சொல்லியாவணும். எறா திருடினதுக்கு அப்பிடி வாங்கிக்கலாம். இதுக்கு உன் கையை முறுக்கி வாங்கறது நாயமில்லே."

"நான் உன்னை இன்னும் விடலை" என்றாள் பூமாரி. "தெரிஞ்சுக்கோ. இன்னிக்கு உன்னைப் பார்த்து அவங்க சிரிச்சப்போ எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இப்பவும் இருக்குது."

"தெரியும். மூஞ்சியில பார்த்தேன்."

கரி வண்டி வந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது. வெகு நீளமான வண்டி. சத்தத்தில் பேச முடியவில்லை. கெங்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடைசிப் பெட்டி போனதும் கேட்காரன் கேட்டைத் திறந்தான். நின்றிருந்த மாட்டு வண்டிகள் நகர்ந்தன. கெங்கம்மா நகரவில்லை. பூமாரியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஐயர் தள்ளி வெச்ச இந்த ஆறு மாசம் போதுமா உனக்கு, இல்லை இன்னும் வேணுமா?"